தெருவில் கிடந்த கோழிக்குஞ்சைக் காப்பாற்றி வளர்ப்பது எப்படி? முதல் இரவிலிருந்து கூவும் நாள் வரை

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் திருப்பூரில் எங்கள் வீட்டுச் சாக்கடை ஓரம் ஒரு ரோஸ் கலர் குஞ்சு நனைந்து கிடந்தது. தேர்க்கடையில் கூடையில் வைத்து விற்பார்களே, அந்தக் கலர்க் குஞ்சுதான். வாங்கிய பிள்ளைகளுக்கு மூன்று நாளில் அலுத்துவிட்டது. அதற்கு முந்தின வருடமும் இப்படி ஒன்றை எடுத்து வந்திருந்தேன். பசித்திருக்கும் என்று பாலும் சோறும் பிசைந்து வைத்து, ஒரு அட்டைப்பெட்டியில் துணியைப் போட்டு விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் விறைத்துக் கிடந்தது. அது பசியால் சாகவில்லை, குளிரால் செத்தது. இது எனக்குத் தெரியவர ஒரு உயிர் போகவேண்டியிருந்தது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கையில் குஞ்சை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிட்டு வேலையைப் பாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

முதல் ஒரு மணி நேரம்: தீனி வேண்டாம், சூடு கொடுங்கள்

குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. இறகு முளைக்கும் வரை தாய்க்கோழியின் வயிற்றுக்கு அடியில் கிடைக்கும் சூட்டில்தான் அது உயிரோடு இருக்கிறது. குளிர்ந்துபோன குஞ்சின் வயிற்றில் தீனி செரிக்காது, வாயில் தண்ணீர் விட்டால் விழுங்கவும் தெம்பு இருக்காது. ஆகவே முதலில் துடையுங்கள். நனைந்திருந்தால் காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, உங்கள் நெஞ்சோடு சேர்த்துச் சட்டைக்குள் பத்து நிமிடம் வைத்துக்கொண்டாலே கால் சூடாகத் தொடங்கும். காலைத் தொட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. கால் சில்லென்று இருந்தால் குஞ்சு ஆபத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேர் டிரையரை நேராக முகத்தில் காட்ட வேண்டாம். கலரைக் கழுவுகிறேன் என்று குளிப்பாட்டவே வேண்டாம். அந்தச் சாயம் பூமயிரில்தான் இருக்கிறது, புது இறகு முளைக்க முளைக்கத் தானாகப் போய்விடும்.

காயம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பூனையோ நாயோ கவ்வியிருந்தால் வெளியே சின்னப் புள்ளி மாதிரி தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் நடமாடும் கால்நடை மருத்துவச் சேவை பற்றிக் கேட்டுக்கொள்ளலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகம் எங்கே இருக்கிறது என்று ஆடு மாடு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பெட்டி, பல்பு, உமி

இரண்டடி நீளமாவது இருக்கும் அட்டைப்பெட்டி போதும். ஒரு ஓரத்தில் 60 வாட்ஸ் குண்டு பல்பு, மற்ற ஓரம் காலியாக இருக்கட்டும். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. இந்த ஒரு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். பழைய மஞ்சள் குண்டு பல்பு எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் இன்னமும் கிடைக்கிறது. தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் தொங்கட்டும். வயரை மட்டும் நம்பாமல் கட்டுக்கம்பியால் இன்னொரு பிடிப்பும் போடுங்கள், பல்பு உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும். அட்டையையோ துணியையோ பல்பு தொடக்கூடாது.

எவ்வளவு சூடு? முதல் வாரம் பல்புக்கு அடியில் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரவேண்டும். பல்பை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திக் கட்டினாலே குறையும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு நேர் அடியில் போய் உடம்பைக் குறுக்கிக்கொண்டு கீச் கீச்சென்று உரக்கக் கத்தினால் குளிர்கிறது. எட்டாத மூலைக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை விரித்து வைத்திருந்தால் சூடு அதிகம். பெட்டி முழுக்க நடந்து, கொத்தி, நடுவில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது. அப்படித் தூங்கும் குஞ்சைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பயந்து நான் இரண்டு முறை எழுப்பியிருக்கிறேன், நீங்கள் எழுப்பாதீர்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். சித்திரை வைகாசியில் பகலில் வீட்டுக்குள்ளேயே 36, 37 டிகிரி இருக்கும்போது பல்பு தேவையே இல்லை, இரவில் மட்டும் போதும். மார்கழியில் முழு இறகு முளைக்கும் வரைகூட வேண்டியிருக்கும். கரண்ட் போனால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள், ஆறியதும் மாற்றுங்கள். கரி நெருப்புச் சட்டியை மூடிய அறையில் வைக்கக்கூடாது. அந்தப் புகை குஞ்சை மட்டுமல்ல, அதே அறையில் தூங்கும் உங்களையும் கொல்லும்.

அடியில் போட நெல் உமிதான் நல்லது, நிலக்கடலைத் தொலியும் ஆகும். பொடியான மரத்தூள் வேண்டாம், முதல் வாரத்தில் தீனி என்று நினைத்துத் தின்றுவிடும். வெறும் செய்தித்தாள் விரிப்பது எல்லாரும் செய்யும் தவறு. வழுக்கும் தரையில் குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் அகண்டு போய்விடும், பிறகு நிற்கவே முடியாது. அப்படி ஆகிவிட்டால் பயப்படாமல் உடனே பாருங்கள். மென்மையான ஒட்டுத்துணியால் இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில், விலங்கு மாதிரி தளர்வாகச் சேர்த்துக் கட்டி, சொரசொரப்பான துணி மேல் விட்டால் சின்னக் குஞ்சு சில நாட்களில் நிமிர்ந்துவிடும். நாள் தள்ளிப்போனால் சரியாவது கடினம்.

தண்ணீர், அதற்குப் பிறகு தீனி

கால் சூடாகி, கண் திறந்து, எழுந்து நிற்கிறதா? சரி, இப்போது தண்ணீர். நான் வைப்பது அகல் விளக்கு. அதில் நாலைந்து கூழாங்கல்லைப் போட்டு, கல்லுக்கு நடுவில் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். கிண்ணத்தில் வைத்தால் உள்ளே இறங்கி நனையும், மூழ்கியும் சாகும். தாயில்லாத குஞ்சுக்குத் தண்ணீர் எது என்று காட்ட ஆள் இல்லை, அதனால் அலகின் நுனியை மட்டும் ஒருமுறை மெதுவாகத் தொட்டுக் காட்டுங்கள். தலையைத் தூக்கி விழுங்கினால் கற்றுக்கொண்டது. இங்க் ஃபில்லரால் வாய்க்குள் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். மிகச் சோர்வாக இருந்தால் அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள், அதுவே உறிஞ்சிக்கொள்ளும். முதல் அரைநாள் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் குளுக்கோஸோ வெல்லமோ கலக்கலாம், அதற்குப் பிறகு வெறும் தண்ணீர்.

தீனி என்றால் முதல் எட்டு வாரம் குஞ்சுத் தீவனம்தான். மாட்டுத்தீவனம் விற்கும் கடையில் ‘சிக் ஸ்டார்ட்டர்’ என்று கேளுங்கள், சில்லறையாகக் கிலோ கணக்கிலும் கொடுப்பார்கள். அதில் புரதம் 20 சதவீதம் அளவுக்கு இருக்கும். வெறும் அரிசி நொய்யைப் போட்டு வளர்த்தால் குஞ்சு உயிரோடு இருக்கும், ஆனால் இறகு முளைக்காது, கால் வளைந்துபோகும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். முட்டை ஓட்டுக்காகச் சேர்த்த அந்தச் சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் வாரத்தில் ஒரு குஞ்சு நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம்தான் தின்னும், ஆகவே ஒரு கிலோ வாங்கினால் பல வாரம் வரும். நிறைய வாங்கி வைத்துப் பூசணம் பிடிக்க விடாதீர்கள், பூசணம் பிடித்த தீவனம் கோழிக்கு விஷம்.

இரவு நேரத்தில் கடை திறந்திருக்காது. அப்போதைக்கு வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைப் பொடியாக உதிர்த்துக் கொடுங்கள், கம்பு இருந்தால் மிக்சியில் குருணையாக உடைத்துக் கலந்துகொள்ளுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் இதுவே போதும். பால், பிஸ்கட், மிக்சர், உப்புப் போட்ட சோறு, சாக்லேட் எதுவும் வேண்டாம்.

இரண்டு வாரம் ஆனதும் முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போடலாம், கீரை, தானியம் கொடுக்கத் தொடங்கினால் கூடவே கொஞ்சம் பரு மணலும் வையுங்கள். கோழிக்குப் பல் கிடையாது, தீனியை அரைப்பது வயிற்றில் உள்ள அந்த மணல்தான். கரையான் கிடைத்தால் அதைவிடப் பிரியமான தீனி குஞ்சுக்கு இல்லை. கிராமத்தில் பழைய பானைக்குள் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, ஓலை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள், காலையில் எடுத்தால் உள்ளே கரையான் நிறைந்திருக்கும். எங்கள் அத்தை இப்போதும் இப்படித்தான் செய்கிறார்.

உங்களிடம் இருப்பது எந்தக் குஞ்சு?

இதைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் முடிவுகளை எடுக்க முடியும். கலர்க் குஞ்சு என்றால் பெரும்பாலும் சேவல். முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் முதல் நாளே பெட்டையையும் சேவலையும் பிரித்துவிடுவார்கள், முட்டையிடாத சேவல் குஞ்சுகளால் பண்ணைக்குப் பயன் இல்லை என்பதால் அவை சாயம் ஏற்றி மலிவாகத் தெருவுக்கு வருகின்றன. உடம்பு மஞ்சள், இறகு வெள்ளை, கால் தடித்து, இரண்டே வாரத்தில் கைக்கு அடங்காமல் வளர்ந்தால் அது பிராய்லர். பல நிறம் கலந்து, முதுகில் கோடு, சுறுசுறுப்பாக ஓட்டம் என்றால் நாட்டுக்கோழி.

பிராய்லர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும்படி தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் அது. எலும்பும் இதயமும் அந்தச் சதைக்கு ஈடுகொடுக்காது. பல்லடம் பக்கம் கோழி வண்டியிலிருந்து விழுந்ததை எடுத்து வந்து வளர்ப்பவர்கள் பாசத்தில் தீனியைக் கொட்டிவிட்டு, இரண்டாவது மாதத்தில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது என்று அழுவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வாரத்திலிருந்து தீனித் தட்டை நாள் முழுக்க வைக்காமல், காலை மாலை அளந்து வைத்து எடுத்துவிடுங்கள். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தட்டை ஒரு மூலையிலும் தண்ணீரை இன்னொரு மூலையிலும் வைத்தால் நடந்தே ஆகவேண்டும். வெயில் காலத்தில் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் இதற்கு மற்றக் கோழிகளைவிட அதிகம் தேவை.

தனிமை

ஒற்றைக் குஞ்சு நாள் முழுக்கக் கத்தும். சூடும் தீனியும் சரியாக இருந்தும் கத்தினால் அது கூட்டத்தைத் தேடுகிறது. பெட்டிக்குள் ஒரு சின்னக் கண்ணாடி, மேலிருந்து தொங்கும் மெத்தென்ற துணி (தாயின் வயிறு மாதிரி அதற்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும்), இவை கொஞ்ச நாள் சமாளிக்க உதவும். ஆனால் கோழி கூட்டமாக வாழும் பறவை. வளர்ப்பது என்று முடிவு செய்துவிட்டால் அதே வயதுக் குஞ்சு இன்னொன்றை வாங்குங்கள், இதுதான் என் உறுதியான கருத்து. வந்ததும் சேர்த்துவிடாமல் இரண்டு வாரம் தனிப்பெட்டியில் வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகு சேருங்கள். குரல் கேட்கிற தூரத்தில் இருந்தாலே இரண்டும் பாதி அமைதியாகிவிடும்.

பக்கத்தில் யாரிடமாவது இதே வயதுக் குஞ்சுகளோடு தாய்க்கோழி இருந்தால் இன்னும் நல்லது. இருட்டிய பிறகு சத்தம் போடாமல் அதன் சிறகுக்கு அடியில் குஞ்சைச் செருகிவிடுங்கள். விடியும்போது கட்டாயம் பக்கத்தில் இருந்து பாருங்கள். சில கோழி ஏற்றுக்கொள்ளும், சில கோழி தலையிலேயே கொத்தும். கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட குஞ்சை, அதிலும் ரோஸும் பச்சையுமாக இருக்கும் குஞ்சை ஏற்பது அரிது.

தினமும் பார்க்க வேண்டியவை

காலையில் கையில் எடுத்ததும் பின்பக்கத்தைப் பாருங்கள். எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து மெதுவாக எடுங்கள், பிய்த்து இழுக்காதீர்கள், தோல் கிழியும். அடைத்தபடியே விட்டால் செத்துப்போகும். வயிற்றுக்குக் கீழே உள்ள தொப்புள் தழும்பை எச்சம் என்று நினைத்துக் கிள்ளிவிடக் கூடாது. எச்சத்தில் சாதாரணமானது வெள்ளை நுனியோடு கட்டியாக இருப்பது. இடையிடையே பழுப்பு நிறத்தில் குழகுழவென்று, நாற்றத்தோடு ஒன்று போடும், அதுவும் இயல்புதான்.

இரத்தம் கலந்த எச்சம் இயல்பு இல்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு, ஈர உமியில் வளரும் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, தோளுக்குள் தலையை இழுத்து நிற்கும். இதற்கு மருந்து உண்டு, தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போனால் பிழைக்கும். ஈரமான உமியைத் தினமும் அள்ளிவிட்டாலே பாதி தடுத்துவிடலாம்.

வெள்ளைக் கழிச்சல் வேறு. ராணிக்கெட் என்பது இதுதான். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சிரைப்பு, சிறகு தொங்குதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல். வந்த பிறகு குணமாக்கும் மருந்து கிடையாது, தடுப்பூசிதான் வழி. வழக்கமான அட்டவணை இது: முதல் வாரக் கடைசியில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, இரண்டாவது வாரம் கம்போரோ என்ற நோய்க்குச் சொட்டு, நாலாவது வாரம் மறுபடி கழிச்சல் சொட்டு, ஆறேழு வாரத்தில் அம்மைத் தடுப்பூசி, எட்டாவது வாரம் கழிச்சலுக்கு ஊசி. ஒரு மருந்துக் குப்பியில் நூறு டோசோ அதற்கு மேலோ இருக்கும், ஒரு குஞ்சுக்காகத் திறக்கத் தயங்குவார்கள். ஆகவே உங்கள் பகுதியில் கோழி வளர்ப்பவர்களோடு சேர்ந்து போங்கள், இல்லாவிட்டால் கால்நடை மருந்தகத்தில் அடுத்து எப்போது போடுவார்கள் என்று கேட்டு அன்றைக்குப் போங்கள். கால்நடைத் துறை இலவச முகாமும் நடத்துகிறது. குஞ்சின் வயது தெரியவில்லை, உடம்பும் சரியில்லை என்றால் எதை எப்போது போடுவது என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். சோர்ந்திருக்கும் குஞ்சுக்குத் தடுப்பூசி போடக்கூடாது.

அம்மை கொசுவால் பரவும். பெட்டி மேல் கொசுவலையைப் போடுங்கள். கொசுவர்த்திச் சுருளைப் பக்கத்தில் கொளுத்தாதீர்கள், பறவைகளின் நுரையீரல் புகையைத் தாங்காது. நமக்குக் கொடுக்கும் காய்ச்சல் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால்: குஞ்சைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கொடுக்கக் கூடாது, அகல் விளக்கைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. நலமாகத் தெரியும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது கடும் வயிற்றுப்போக்கைத் தரும்.

வெளியே விடும் நேரம்

மூன்றாவது வாரத்திலிருந்து இளவெயிலில் அரைமணி நேரம் விடலாம், கொடாப்பை (கோழியை மூடி வைக்கும் கூடை) கவிழ்த்து அதற்குள்தான். காக்கை ஒரு நொடியில் தூக்கிவிடும். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆறு வாரத்தில் முழு இறகு முளைத்துவிடும், பல்பை நிறுத்திவிடலாம். ஒரு மூலையில் உலர்ந்த மண்ணோடு சாம்பல் கொஞ்சம் கலந்து போடுங்கள், அதில் புரண்டு குளிக்கும். பேன் அண்டாமல் இருக்க அது கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி அதுதான். குஞ்சு முதல்முறை மண்குளியல் போடுவதைப் பார்ப்பவர்கள் வலிப்பு வந்துவிட்டது என்று பதறுவார்கள், பதற வேண்டாம்.

இரவுக் கூண்டில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கோழிவலை என்று விற்கும் மெல்லிய கம்பிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும், நாயை வெளியே நிறுத்தாது. அரை அங்குல ஓட்டையுள்ள வெல்டிங் வலையே எலி, கீரி, பாம்பு வரை தடுக்கும். கொக்கித் தாழ்ப்பாளோடு ஒரு பூட்டும் வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடியில் இரண்டு அங்குல அகலக் கட்டை ஒன்று குறுக்கே இருந்தால் இரண்டாவது மாதத்தில் அதில் ஏறித் தூங்கத் தொடங்கும். பிராய்லருக்குக் கட்டை வேண்டாம், குதித்து இறங்கும்போது கால் போய்விடும்.

கூவ ஆரம்பித்ததும்

ஆறேழு வாரத்தில் கொண்டை சிவந்து பெரிதானால் சேவல் என்று எதிர்பார்க்கலாம். மூன்று மாதத்தில் கழுத்திலும் இடுப்பிலும் கூர்மையான பளபளப்பு இறகு தொங்கினால் உறுதி. மூன்று நாலு மாதத்தில் கூவத் தொடங்கும், விடியற்காலை மூன்று மணிக்கே. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்தப் பேச்சை முதல் வாரமே வீட்டுக்காரரோடும் பக்கத்து வீட்டோடும் பேசிவிடுங்கள். குஞ்சாக இருக்கும்போது எல்லாரும் கொஞ்சுவார்கள், கூவிய பிறகு கேட்டால் வேறு பதில் வரும்.

என் ரோஸ் குஞ்சு வெள்ளைச் சேவலாகி, பதினான்காவது வாரத்தில் கூவியது. மொட்டை மாடியில் வைத்துக்கொள்ள முடியாமல் ஊத்துக்குளியில் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். “அத்தை, இதை அறுக்கக் கூடாது, விற்கவும் கூடாது, முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு இடம் பார்க்கிறேன்” என்று கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் கூடையைத் திறந்தேன். நீங்களும் யாருக்குக் கொடுத்தாலும் இதை வாய்விட்டுக் கேளுங்கள், சொல்லாமலே புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். அங்கே ஏற்கெனவே சேவல் இருந்தால் இரண்டு வாரம் வலைக்கு அந்தப் பக்கம் தனியாக வைக்கச் சொல்லுங்கள், நேராக விட்டால் சண்டை போட்டுக் கண்ணைக் கொத்திக்கொள்ளும். சாயங்காலம் கொண்டுபோனால் இருட்டோடு அடங்கி, காலையில் புது இடத்தில் எழுந்துகொள்ளும். பழகின தீனியில் ஒரு வாரத்துக்கானதையும், தண்ணீர் குடித்துப் பழகின பாத்திரத்தையும் கூடவே கொடுத்து அனுப்புங்கள்.